அங்குசத்தின் விலை

நான் விற்கும் பொருளை
யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் போகலாம்.
பூட்டு இல்லை, காவல் இல்லை.
நியூரம்பெர்க்கில், பெக்னிட்ஸ் ஆற்றைப் பார்த்த
நான்காவது மாடியில் உட்கார்ந்து
அதற்குத்தான் விலைப்பட்டியல் போடுகிறேன்,
பதினோரு வருஷமாக.

ஒவ்வொரு பிப்ரவரியும் ஹின்னெர்க் டாட்சன் கேட்பார்.
ஓல்டன்பர்க் பக்கம் பால் ஆலை,
நூற்றுப் பதினான்கு சர்வர்கள்.
"அம்மணி, இது இணையத்தில் இனாமாகக் கிடைக்கிறது.
நாற்பத்தெட்டாயிரம் யூரோ எதற்கு?"

யானை இனாம்தான், ஹெர் டாட்சன்.
விலை அங்குசத்துக்கு.
அதற்கு மதம் பிடிக்கிற ராத்திரியில்
செருப்புப் போடாமல் ஓடி வருகிற பாகனுக்கு.

சிரிப்பார். கையெழுத்துப் போடுவார்.

நான் சொல்லாமல் விடுவது:
வாரம் ஒரு முறை உலகத்துக்கே மாறுகிற ஒன்றை
உங்களுக்கு மட்டும் பத்து வருஷம்
மாறாமல் வைத்திருக்கிறோம்.
மாற்றத்தை எவரும் சும்மா தருவார்கள்.
மாறாமல் இருக்கத்தான்
ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும்,
பழைய சட்டைக்கு உள்பக்கமாக ஒட்டுப்போட
வெளியே தெரியாத தையல் வேண்டும்.

இன்னொன்று, பட்டியலிலேயே இல்லாதது:
விடிகாலை மூன்று மணிக்குத்
திட்டுவதற்கு ஓர் ஆள்.
பாதிப் பணம் அதற்குத்தான்.

இந்த வருஷம் அவர் போடவில்லை.
மரியாதையான இரண்டு வரி:
நாங்களே பார்த்துக்கொள்கிறோம். நன்றி.

மார்ச்சில் ஒரு வியாழன்.
வட்டில் எழுதும் பகுதியில் ஒரு பிழை
எத்தனை நாளாக உறங்கிக் கிடந்ததோ,
எழுந்துகொண்டது.
அதைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் இல்லை.
எஸ்தோனியாவில், வில்யாந்தியில்,
ரைவோ கூஸ்மா என்றொருவர்.
பகலில் ஊர்ப் பேருந்து ஓட்டுகிறார்.
ஒன்பது வருஷமாக அந்தப் பகுதிக்கு
அவர்தான் பொறுப்பு.
யார் கொடுத்த பொறுப்பு என்று கேட்டால்
அவருக்கும் தெரியாது.
இரவு பதினொன்றுக்குப் பதினான்கு வரி எழுதிப்
பொதுவில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.
காலை முதல் நடை அவருடையது.

எங்கள் வீப்கே அந்தப் பதினான்கு வரியை எடுத்தாள்.
அறுபது விதமான இயந்திரங்களில்
ஓட்டிப் பார்த்தாள், உடைத்துப் பார்த்தாள்,
முத்திரை குத்தி
நாலரை மணிக்கு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினாள்.
எங்கள் லாபம் முழுவதும்
அந்தப் பதினொன்றுக்கும் நாலரைக்கும் நடுவில் இருக்கிறது.

அதே பதினான்கு வரி
டாட்சனுக்கும் திறந்தே கிடந்தது.
உரிமம் அப்படி. ஒளிக்க முடியாது.
அவருடைய பையன் ஒன்பது மணிக்குத்தான் பார்த்தான்.
அதற்குள் இரண்டு தொட்டிப் பால் திரிந்துவிட்டது.

மாலையில் கூப்பிட்டார்.
"யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது.
அந்தப் பையனைக் கூப்பிட்டேன்.
இருபத்துமூன்று வயது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.
காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன்."

கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை.

"அந்தப் பழைய விலை இன்னும் இருக்கிறதா?"

"இல்லை," என்றேன். "நான்கு சதவீதம் ஏறியிருக்கிறது."

கட்டற்றது என்று பெயர் வைத்தார்கள் இதற்கு.
பணம் கட்டுங்கள் என்கிறேன் நான்.
இரண்டும் பொய்யில்லை என்பதில்தான்
என் வீட்டு வாடகை ஓடுகிறது.

ரைவோவுக்கு எந்தப் பட்டியலிலும் வரி கிடையாது.
நான் ஒருமுறை கேட்டேன்.
எந்தக் கணக்குத் தலைப்பில் என்று திருப்பிக் கேட்டார்கள்.
கிறிஸ்துமஸுக்குச் சட்டை ஒன்று அனுப்பினோம்,
நெஞ்சில் எங்கள் சின்னம் போட்டது.
அளவு விசாரிக்கவில்லை.

படம் அனுப்பியிருந்தார்.
பேருந்தின் ஓட்டுநர் இருக்கைக்கு
அந்தச் சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறார்.
"இதற்குச் சரியாக இருக்கிறது."

கீழே, இன்னொரு பிழைக்கு எட்டு வரி.

வீப்கேவுக்குத் தள்ளிவிட்டேன்.
பிறகு
அடுத்த வருஷத்துப் பட்டியலைத் திறந்தேன்.